19 வயசுப் பையன், 62 கிராம் வெள்ளி: புகார் கொடுக்கட்டுமா, விடட்டுமா?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நான், என் மனைவி, ஆறு ஆட்கள். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு பையன் வெள்ளித் துண்டுகளைப் பற்ற வைத்து ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தான். 19 வயது. அப்பா இல்லை, அம்மா அம்மாபேட்டையில் தறி வேலைக்குப் போகிறார். வேலையில் நல்ல நேர்த்தி, மற்றவர்கள் ஐந்து ஜோடி முடிக்கும் நேரத்தில் ஏழு முடிப்பான். எங்கள் தொழிலில் காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம், சாயங்காலம் முடிந்த வேலை, மிச்சக் கம்பி, தூள் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு வாங்குவோம். கொஞ்சம் தேய்மானம் போவது சகஜம்தான். ஆனால் போன மாதக் கடைசியிலிருந்து அவன் கணக்கில் மட்டும் நாலு கிராம், ஆறு கிராம் என்று குறைந்தது. புதிதாக வந்த கம்பியில் கோளாறு, ஊதும்போது தெறித்துப் போகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் கை கழுவப் போன இடத்தில், ஜன்னல் திட்டில் ஒரு பல்பொடி டப்பா இருந்தது. பட்டறையில் யாரும் பல் துலக்குவதில்லையே என்று எடுத்துத் திறந்தேன். மேலே ஒரு விரல் கனத்துக்குப் பல்பொடி. அதற்குக் கீழே நறுக்கிய கம்பித் துண்டுகள், கொலுசில் வைக்கிற சின்னப் பூக்கள். தட்டி, ஊதி, எடை போட்டால் 48 கிராம்.

நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். அவனே எழுந்து வந்து, "இன்னும் 14 கிராம் வித்துட்டேங்ண்ணா" என்றான். வண்டித் தவணை மூன்று மாதம் நின்றுபோய், வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். வாங்கினவன் பாதி விலைகூடக் கொடுக்கவில்லை.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடு என்கிறார்கள். ஒருவர் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடு என்கிறார். என் மனைவி, "அவங்கம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, போதும்" என்கிறாள். முதல் தடவை திருடினால் சமூக சேவைதான், ஜெயில் இல்லை என்று புதுச் சட்டம் வந்திருப்பதாகவும் பேப்பரில் பார்த்தேன். அப்படியென்றால் புகார் கொடுத்தாலும் பையனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு வாசி

புகார் கொடுங்கள் அண்ணா, யோசிக்காதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை, பட்டதால் சொல்கிறேன். எங்கள் மாமா கடையில் ஒரு பையன் கல்லாவில் கை வைத்தான். பிடித்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அதற்கு முன் வேலை பார்த்த இடத்திலும் இதையே செய்திருக்கிறான், அங்கே பாவம் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தால் எங்கள் மாமாவுக்கு 40,000 ரூபாய் போயிருக்காது. உங்கள் வெள்ளியை நீங்கள் மன்னிக்கலாம். அடுத்து அவன் போகப்போகிற பட்டறைக்காரனின் வெள்ளியையும் சேர்த்து மன்னிக்க உங்களுக்கு என்ன உரிமை?

அஸ்தம்பட்டி வக்கீல்

அண்ணா, நான் சேலத்தில் குற்ற வழக்குகள் பார்க்கிற வக்கீல். முதலில் அந்தப் பேப்பர் செய்தியைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் பாதியை மட்டும் படித்துவிட்டு நிறைய பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 303-ஆவது பிரிவு திருட்டு. மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு சேர்த்திருக்கிறார்கள்: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, அவனுக்கு இது முதல் தண்டனையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. அந்த அளவுத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்க முடியாது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் உங்கள் பையன் அதற்குள் வரமாட்டான். ஒன்று, வெள்ளி கிராம் நூறு ரூபாயைத் தாண்டிய அன்றைக்கே 50 கிராம் வெள்ளி 5,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. சேலத்தில் ஒரு கனமான ஜோடிக் கொலுசே அந்த வரம்புக்கு மேலேதான். இரண்டு, இதுதான் முக்கியம், அவன் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன். முதலாளியின் பொருளை வேலைக்காரன் எடுத்தால் 303 இல்லை, 306. ஏழு வருடம் வரை போகும். சமூக சேவை என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது. குடியிருக்கும் வீடு, பொருள் பாதுகாக்கும் கட்டடம், ஆளோ சரக்கோ ஏற்றுகிற வண்டியில் இருக்கும் பொருள், இவையெல்லாம் 305, அதற்கும் ஏழு வருடம். அங்கேயும் சலுகை இல்லை. அப்படியென்றால் வீடு, கடை, பஸ், வேலை செய்யும் இடம் எல்லாம் போய்விட்டது. இந்த வயதுப் பையன்கள் வேறு எங்கே திருடுகிறார்கள், நீங்களே சொல்லுங்கள். யாருக்காகக் கதவைத் திறந்தார்களோ அவர்களில் முக்கால்வாசிப் பேர் வருகிற பாதையில் அந்தக் கதவு இல்லை. இது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சமூக சேவை என்பதும் தண்டனைதான். குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிய பிறகுதான் அது வருகிறது.

உதவுகிற சட்டம் பழையது, 1958-இல் வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் 3-ஆவது பிரிவில், முன்பு தண்டனை பெறாதவன் என்றால் திருட்டு, வேலைக்காரன் திருட்டு உட்பட சிலவற்றுக்கு, கண்டித்து மட்டும் அனுப்பலாம். 4-ஆவது பிரிவில் நன்னடத்தைக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். 6-ஆவது பிரிவு இன்னும் வலுவானது: 21 வயதுக்குக் கீழ் இருந்தால், ஆயுள் தண்டனை வரை போகிற குற்றம் இல்லையென்றால், நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டுப் பார்த்து, ஏன் சிறைக்கு அனுப்புகிறேன் என்று காரணம் எழுதாமல் நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுக்க முடியாது. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கச் சொல்லி வக்கீல்களாகிய நாங்களே பல வழக்குகளில் மனு போடுவதில்லை. அது எங்கள் பக்கத் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ராஜி. 303 என்றால் பொருளின் சொந்தக்காரர் விரும்பினால் வழக்கை முடித்துக்கொள்ளலாம். 306 என்றால் நீதிமன்றத்தின் அனுமதியோடு முடிக்கலாம். ராஜியானால் அது விடுதலைக்குச் சமம், சமூக சேவையைவிடப் பையனுக்கு அதுதான் நல்லது. முந்தைய தண்டனை காரணமாகக் கூடுதல் தண்டனைக்கு உரியவன் என்றால் இந்த வழி கிடையாது.

திருட்டு நடந்ததைப் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் சில விஷயத்தில் கவனம். அவனைப் பூட்டி வைக்காதீர்கள், கை நீட்டாதீர்கள், அதற்கு உங்கள் மேல் வழக்கு வரும். உங்கள் வெள்ளிக்கு மேல் ஒரு ரூபாய்கூட, புகார் கொடுக்காமல் இருப்பதற்கு என்று வாங்காதீர்கள்.

நாகலூர் மிளகு

வக்கீலம்மா சொன்ன 5,000 ரூபாய் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் காப்பி, இடையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. தை மாசியில் மிளகு பறிப்பு. நாங்கள் பறிக்கும்போது மூங்கில் ஏணி போட்டு ஏறி, சரம் சரமாகக் கிள்ளி எடுப்போம், கொடிக்கு நோகாது. ராத்திரி வருகிற பையன்களிடம் ஏணி இருக்காது. கீழே நின்றுகொண்டு கொடியைப் பிடித்து இழுப்பார்கள், முப்பதடிக் கொடி வேரோடு சாய்ந்து கீழே வந்துவிடும். சாக்கில் அடைத்துக்கொண்டு போவது நாலைந்து கிலோ பச்சை மிளகு, காய்ந்தால் ஒன்றரைக் கிலோகூடத் தேறாது. கிலோ அறுநூறு எழுநூறு என்று வைத்தாலும் ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். சட்டப்படி சின்னத் திருட்டு. ஆனால் அந்தக் கொடி திரும்ப ஏறிக் காய்க்க மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருடத்தை யார் எந்த மதிப்பில் எழுதுவார்கள்? காப்பியிலும் அப்படித்தான், பழம் எது காய் எது என்று பார்க்காமல் பச்சையும் சிவப்புமாகக் கிளையோடு உருவிவிடுவார்கள், அடுத்த வருடக் காய்ப்பும் சேர்ந்து போகும்.

நான் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. எங்கள் மலைப் பையன்களுக்கு வழக்கு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்வர வேண்டும், ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு, அது எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. சமூக சேவை என்று கொடுக்கிறீர்களே, அதை எங்கேயோ ஓர் அலுவலக வாசலைப் பெருக்க வைத்து முடிக்காதீர்கள். ஆனி ஆடி மழையில் வந்து, பிடுங்கின இடத்தில் கொடித் தண்டு நட்டு, மரத்தோடு சேர்த்துக் கட்டி விடட்டும். பத்து நாள் வேலை. ஒரு கொடியை மரம் பிடிக்க வைப்பது என்ன பாடு என்று தெரிந்தவன் மறுபடி ஒரு கொடியை இழுக்க மாட்டான் என்று நான் நம்புகிறேன்.

கடைவீதி சேல்ஸ் பொண்ணு

எல்லாரும் திருடின பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு நடந்ததையும் சொல்கிறேன்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். போன வருடம் வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்குப் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போகும்போது போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். 13,500 ரூபாய் போன், இன்னும் ஏழு தவணை பாக்கி. போன் இல்லாமலே அந்த ஏழு தவணையையும் கட்டினேன். அவனைப் பிடித்தார்கள், வயது 17. நாற்பது நாள் கழித்து போன் வந்தது, டிஸ்ப்ளே உடைந்து. அதற்குப் பிறகு அவனுக்கு என்ன ஆனது, எங்கே அனுப்பினார்கள், திட்டினார்களா, விட்டார்களா, ஒன்றுமே எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டால், சின்னப் பையன்மா, அதெல்லாம் சொல்லக் கூடாது என்றார்கள்.

சரி, அவன் பெயர் வெளியே வரக் கூடாது, புரிகிறது. ஆனால் என் மனசில் என்ன ஆயிற்று என்று அவனுக்கும் தெரியாதே. இன்றைக்கும் பின்னால் யாராவது வேகமாக நடந்து வந்தால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன். அம்மா தினமும் பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிற்கிறாள். அவனுக்குத் தண்டனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு தடவை என் எதிரில் உட்கார வைத்து, நான் சொல்வதை அவன் கேட்டிருக்க வேண்டும். கருணை காட்டுகிறவர்கள் பறிகொடுத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காட்டினால் என்ன?

அஸ்தம்பட்டி வக்கீல்

தங்கச்சி, நீ சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்க மாட்டேன். 18 வயதுக்குக் கீழ் என்றால் 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் வரும். மூன்று வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களைச் சிறு குற்றம் என்றுதான் அந்தச் சட்டம் வைத்திருக்கிறது, பறிப்பும் அதில் அடங்கும். பொதுவாக முதல் தகவல் அறிக்கை போட மாட்டார்கள், ஸ்டேஷன் தினசரிக் குறிப்பில் எழுதி, பையனின் குடும்ப நிலவர அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். நாலு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், இரண்டு மாதம் நீட்டிக்கலாம், சிறு குற்றத்தில் அதற்கும் மேல் இழுத்தால் வழக்கே முடிந்துபோகும். அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். இத்தனையும் யோசித்து எழுதினவர்கள், பறிகொடுத்தவர் அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதற்குக் கட்டாய இடம் ஒன்றை வைக்கவில்லை.

சங்ககிரி அம்மா

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, என் பொண்ணு டைப் பண்ணுகிறாள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018-இல் என் பையனுக்கு 19 வயது. பெரிய பையன்கள் இரண்டு பேர் கூட்டிக்கொண்டு போய், நிறுத்தி வைத்திருந்த லாரியில் பேட்டரி கழற்றினார்கள். இவன் டார்ச் அடித்தான். பழைய இரும்புக்கடையில் போட்டு இவன் பங்குக்கு 700 ரூபாய் கொடுத்தார்கள். மறுநாளே பிடித்துவிட்டார்கள். 17 நாள் உள்ளே இருந்தான். ஜாமீனுக்கு இரண்டு பேர் கிடைக்க அத்தனை நாள் ஆயிற்று. வெளியே வந்த அன்றைக்குச் சட்டையைத் துவைக்கப் போட்டேன், பையில் பீடிக்கட்டுக் காகிதம் ஒன்று, அதில் பேனாவால் இரண்டு போன் நம்பர். யாருடா என்று கேட்டேன். உள்ளே இருந்த அண்ணனுங்க, வெளிய வந்தா வேலை தர்றேன்னு சொன்னாங்க என்றான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு வாய்தா வாய்தா என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை சாட்சி வரவில்லை, ஒரு தடவை லீவு, நடுவில் கொரோனா. தீர்ப்பு வரும்போது அவனுக்கு 24 வயது. நல்லவேளை, நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் இரண்டு கம்பெனியில் வேலை கிடைத்து, கேஸ் இருக்கிறது என்று தெரிந்து இரண்டும் போயிற்று. கருணை காட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் செய்த தப்புக்கான தண்டனையை அனுபவித்து முடித்த பிறகு வந்து சேர்ந்தது அந்தக் கருணை.

பட்டறைக்கார அண்ணா, நான் புகார் கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கொடுக்கும்போது அவன் எத்தனை நாள் உள்ளே இருப்பான், யாரோடு இருப்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி வக்கீல்

அம்மா எழுதினதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, அது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கே உறுத்த வேண்டியது.

நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுக்கு 21 வயது என்பதை எந்த நாளில் கணக்கிடுவது? குற்றம் செய்த நாளில் இல்லை, தண்டனை எழுதுகிற நாளில். ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் குற்றம் நடந்த நாளின் வயதுதான் கணக்கு, அது 2005-இல் பிரதாப் சிங் வழக்கில் தெளிவாகிவிட்டது. ஆக 17 வயதுப் பையனின் வயது அன்றோடு நின்றுவிடுகிறது, 19 வயதுப் பையனின் வயது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாட்சி வராத ஒவ்வொரு நாளும், நாங்கள் கேட்டு வாங்குகிற ஒவ்வொரு வாய்தாவும் அவனை 21-ஐ நோக்கித் தள்ளுகிறது. தாண்டிவிட்டால் 6-ஆவது பிரிவு தருகிற அந்தப் பாதுகாப்பு போய்விடும். 4-ஆவது பிரிவுக்கு வயது வரம்பு இல்லை என்பதால்தான் அம்மாவின் பையன் தப்பித்தான். அது நீதிபதியின் மனதைப் பொறுத்தது, உரிமை இல்லை. இந்த ஒன்றை மாற்றினாலே போதும், குற்றம் நடந்த நாளின் வயது என்று ஒரு வரி எழுதினாலே எத்தனையோ பையன்கள் பிழைப்பார்கள்.

வேலை விஷயமும் அப்படித்தான். பத்திரத்தில் விடுபட்டவனுக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் அந்த நடத்தைக்காக வேலையிலிருந்து நீக்கலாம் என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாநிலப் போலீஸ் வேலைக்கு, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவனைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதுகிறார்கள். மறைத்தால் இன்னும் மோசம். அதனால் பையனுக்கு யாராவது விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால், வழக்கு உண்டா என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம், காவலில் இருக்கிற எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். அப்புறம் இன்னொன்று, ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்தில் கைது செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. நோட்டீஸ் கொடுத்து வரவழைத்து விசாரிக்கலாம், கைது செய்தால் காரணம் எழுத வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு. அந்த 17 நாள் நடக்காமலே போயிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

ஐந்து ரோடு வாசி

சங்ககிரி அம்மாவுக்கு என் வணக்கம். நான் முதலில் எழுதினதிலிருந்து முழுக்கப் பின்வாங்கவில்லை, ஆனால் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 17 வயதுப் பையனுக்கு எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தினசரிக் குறிப்பில் எழுதி, குடும்ப நிலவரம் பார்த்து, ஆறு மாதத்துக்குள் முடிக்கிறார்கள் என்றால், அதே ஏற்பாட்டை 21 வயது வரைக்கும், முதல் தடவை, அடிதடி இல்லாத திருட்டுக்கு மட்டும் கொண்டுவர என்ன தடை? எனக்கு வேண்டியது ஜெயில் இல்லை. எங்கேயாவது ஓரிடத்தில் ஒரு பதிவு. இரண்டாவது தடவை பிடிபட்டால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று மறுபடி சொல்ல முடியாத மாதிரி.

மொத்த வெள்ளி

இவ்வளவு சட்டம் எதற்குங்க? நம் குரூப்பில் போட்டோவைப் போட்டு, இவனை யாரும் வேலைக்கு வைக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. பையனுக்கும் அதுதான் நல்லது.

கொண்டலாம்பட்டி லேத்

மொத்த வெள்ளி ஐயா, தயவுசெய்து அதைச் செய்யச் சொல்லாதீர்கள். நான் ஏன் சொல்கிறேன் என்றால், பதினாறு வருடத்துக்கு முன்னால் நான்தான் அந்தப் பையன்.

எனக்கு அப்போது 18. ஒரு மெஸ்ஸில் சப்ளையராக இருந்தேன். மூன்று வாரத்தில் கல்லாவிலிருந்து 3,400 ரூபாய் எடுத்தேன். காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை, இருந்தது, ஆனால் எடுத்தது நான்தான். முதலாளி கண்டுபிடித்தார். அடிக்கவில்லை, போலீசுக்குப் போகவில்லை. போடா என்றார். அன்றைக்கு எங்கள் கையில் வாட்ஸ்அப் இல்லை, ஆனால் அந்தத் தெருவில் இருந்த எல்லாக் கடைக்கும் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டார். ஆறு மாதம் யாரும் வேலை தரவில்லை. வழக்கு போட்டிருந்தால்கூட ஒரு நாள் முடிந்திருக்கும். வாய்வழியாக வந்த தண்டனைக்குத் தேதியே கிடையாது, இந்த ஊரில் இன்றும் சில பேர் என்னைப் பார்த்தால் கல்லா பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

அதைவிடப் பெரிய வலி ஒன்று இருக்கிறது, இதைத்தான் சொல்ல வந்தேன். லேத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து 3,400 ரூபாயை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை. உன் காசு எனக்கு வேண்டாம் என்று உள்ளே போய்விட்டார். பெருந்தன்மையாகச் செய்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார். ஆனால் எடுத்த காசு இன்னும் என்னிடமே இருக்கிறது. அந்த உறை இப்போதும் பீரோவில் இருக்கிறது, நூறு ரூபாய் நோட்டு முப்பத்து நாலு. செலவு பண்ணவும் முடியவில்லை, யாருக்காவது தானமாகக் கொடுக்கவும் மனசு வரவில்லை, அது என் காசு இல்லையே.

பட்டறை அண்ணா, அந்தப் பையன் 14 கிராம் பாக்கியை அவனே சொன்னான் இல்லையா? கேட்காமலே சொன்னான். அதைத் திருப்பித் தர அவனுக்கு ஒரு வழி விடுங்கள். தள்ளுபடி செய்துவிடாதீர்கள். கிராம் கிராமாக, உங்கள் தராசிலேயே, அவன் கையாலேயே வைக்கட்டும். கடைவீதித் தங்கச்சி சொன்ன மாதிரி, எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டியதையும் கேட்கட்டும்.

நாகலூர் மிளகு

லேத் தம்பி, உன் மாதிரி ஓர் ஆள் என் தோட்டத்துக்கு வந்தால் சாவியைக் கையில் கொடுப்பேன். இதை வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை.

ஒரு கேள்வி மட்டும். பையனைப் பற்றி இத்தனை பேசினோம். பாதி விலைக்கு அந்த 14 கிராமை வாங்கினானே, அவனைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் மலையிலும் அதே கதைதான். ராத்திரி பறித்த பச்சை மிளகை விடியற்காலையில் எடை போட்டு வாங்குகிற ஆள் ஒருத்தன் இருப்பதால்தான் பையன்கள் வருகிறார்கள். மாட்டுகிறவன் எப்போதும் பையன்தான்.

அஸ்தம்பட்டி வக்கீல்

அண்ணன் கேட்டது நியாயம். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் 317-ஆவது பிரிவு, மூன்று வருடம் வரை. ஆனால் வாங்கினவன் மேல் புகார் என்றால் திருட்டு நடந்தது என்பதையும் எழுத வேண்டும், பையன் பெயர் இல்லாமல் அது நிற்காது. சொந்தக்காரர் பையனைக் காப்பாற்ற நினைக்கும்போதெல்லாம் வாங்கினவனும் சேர்ந்து தப்பிக்கிறான். இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

எல்லாருக்கும் நன்றி. நேற்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியது என் கடமை.

பையனையும் அவன் அம்மாவையும் வரச் சொன்னேன். என் மனைவியும் ஆறு ஆட்களில் மூத்தவரும் கூட இருந்தார்கள். லேத் தம்பி எழுதினதையும் கடைவீதிப் பொண்ணு எழுதினதையும் நான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், பெயரே இல்லாததால் அதில் தப்பில்லை என்று நினைத்தேன். பிறகு மூத்தவர் பேசினார். மூன்று வாரமாகக் கணக்கில் குறைந்தபோது நான் அவரையும் சந்தேகத்தோடு பார்த்தேனாம், இருபத்திரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறவரை. எனக்கே அது தெரியவில்லை. பையன் அதைக் கேட்டுத்தான் அழுதான், அதுவரைக்கும் அழவில்லை. அவரிடம் போய்க் காலைத் தொட்டான்.

புகார் கொடுக்கவில்லை. போட்டோவும் போடவில்லை. ஒரு நோட்டில் நடந்ததைத் தேதியோடு எழுதி, அவனும் நானும் கையெழுத்துப் போட்டோம். ஐந்து ரோடு நண்பர் கேட்ட பதிவு அது, என் பீரோவில் இருக்கும். மறுபடி ஒரு தடவை நடந்தால் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன் என்று அவன் அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டேன். வண்டியை அவனே விற்றுவிடுகிறேன் என்று சொன்னான், நான் சொல்லவில்லை. வாங்கினவன் யார் என்று பெயர் சொன்னான். நான் தினமும் தாண்டிப் போகிற ஆள். அவன் கடைக்குப் போய் என்ன பேசுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, போகத்தான் போகிறேன்.

இன்றைக்குக் காலை எட்டே முக்காலுக்கே வந்துவிட்டான். வாரக் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அந்தக் காசுக்கு வெள்ளியாகவே வாங்கி வைப்பது என்று பேச்சு. சாயங்காலம் எடை போடும்போது தன்னுடையதைக் கடைசியாக வைத்தான், எல்லாரும் பார்க்கிற மாதிரி. தேய்மானம் ஒன்றேகால் கிராம். பக்கத்தில் அந்தப் பல்பொடி டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தான். எதற்குடா என்றேன். "அந்த 14 கிராமுக்குங்ண்ணா" என்றான்.